கடைசி நாற்பது நாளில் விசுவாசித்த அப்பா, முப்பது வருடம் உபவாசம் இருந்த அம்மா: இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பா?

வில்லிவாக்கம் மகள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை எங்கள் பாஸ்டரிடமே கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு அவர் செய்த உதவி கொஞ்சநஞ்சமில்லை. அவர் மனது நோகுமோ என்று இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாரக்கூலி. வாங்கிக்கொண்டு பாடிக்கு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்திருக்கும். குடித்துவிட்டு வந்தால் அடிப்பார். நான் ஏழாவது படித்தபோது அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் அம்மா கழுத்தில் கவரிங்தான்.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணிக்குப் பிசிறு வெட்டி எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு உபவாசம். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்தான். சாயங்காலம் வேலை முடிந்து நேராகச் சபையின் உபவாச ஜெபத்துக்குப் போவார். ஜெபம் முடிந்ததும் அங்கே டீயும் பன்னும் தருவார்கள். டீயை மட்டும் குடித்துவிட்டு, பன்னைக் கைக்குட்டையில் முடிந்து எங்களுக்குக் கொண்டுவருவார். அந்தப் பன்னில் முகப்பவுடர் வாசனை அடிக்கும். அதை மூன்றாகப் பிய்த்துத் தின்போம். முப்பது வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அம்மா விட்டதில்லை.

போன வருடம் அப்பாவுக்குக் கல்லீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அவர் மனைவி தினமும் பைபிள் வாசிப்பார். ஒருநாள் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இயேசு சொன்ன இடம் வந்தது: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." அப்பா அவர் பக்கம் திரும்பி, "எம்மா, அத இன்னொருக்கா படிங்க" என்றார். அந்த அம்மா மறுபடி வாசித்தார். அப்புறம் அப்பாவே பாஸ்டரை வரச் சொன்னார். பாவ அறிக்கை செய்தார். திருவிருந்து எடுத்தார்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவைப் பார்த்து "சாப்ட்டியா?" என்றார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அம்மா, "இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க" என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அழுதார். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டார்.

கீழ்ப்பாக்கம் கல்லறையில் பாஸ்டர் எபேசியர் 2:8-ஐ எடுத்துப் பேசினார். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." நம் சகோதரர் இப்போது தேவனுக்கு முன்பாக நீதிமான் என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நீதிமான் என்ற சொல்லை அப்பாவுக்குப் போட என் மனது இடம் கொடுக்கவில்லை. அவர் நரகத்துக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் ஒரே தீர்ப்பு பெற்றவர்கள் என்றால் அம்மாவின் அந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் எதில் சேரும்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாளிலிருந்து நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வாசித்த அதிகாரம், ஜெபித்த நேரம், கொடுத்த தசமபாகம், தவறிய நாட்கள் எல்லாம் அதில் இருக்கும். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அதில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. ஜெபமும் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் வாலிபர்

சிஸ்டர், மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமை இருக்கிறதே. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரு பணம். வெயிலில் காய்ந்தவர்கள் முறுமுறுத்தார்கள். தேவன் தயாளராக இருப்பதற்கு நாம் வருத்தப்படக் கூடாது. உங்கள் அப்பா இரட்சிக்கப்பட்டாரே, அதற்கு சந்தோஷப்படுங்கள்.

அப்படியென்றால் எல்லாரும் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்களே என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், 6-ஆம் அதிகாரத்தில் பதில் சொல்லியிருக்கிறார்: "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே." உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்

மகளே, வணக்கம். எனக்கு 71 வயது, புரசைவாக்கத்தில் இருக்கிறேன், லுத்தரன் சபை. முப்பத்துநான்கு வருடம் கிரிமினல் கோர்ட்டில் வேலை, அதில் கடைசிப் பதினோரு வருடம் பெஞ்ச் கிளார்க். தம்பி சொன்னது வசனப்படி சரிதான். ஆனால் உடனே சந்தோஷப்படு என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனது வரவில்லை. உங்களுக்கு வந்த கோபம் வேதத்துக்கு அந்நியமானதல்ல. நீதிமொழிகள் 17:15-ஐ எடுத்துப் பாருங்கள்: "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும் ஆகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்."

இந்த வசனத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, "நீதிமானாக்கு" என்றால் என்ன என்பது. நம் காதுக்கு அது ஒருவனை நல்லவனாக உருமாற்றுவதுபோல் கேட்கிறது, மண்ணைப் பானையாக்குவதுபோல. ஆனால் இங்கே நீதிபதி துன்மார்க்கனைத் திருத்தி நல்லவனாக்கினால் அது ஏன் அருவருப்பாக வேண்டும்? அது நல்ல காரியமாயிற்றே. அப்படியானால் இங்கே சொல் அந்தப் பொருளில் வரவில்லை. "உன் பக்கம் நியாயம், நீ போகலாம்" என்று தீர்ப்புச் சொல்வதைத்தான் குறிக்கிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லும் கோர்ட்டுச் சொல்தான். ஆகவே உங்கள் பாஸ்டர் கல்லறையில் "நீதிமான்" என்று சொன்னபோது அப்பாவின் நடத்தைக்கு நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. அவர் பெயரில் வந்த தீர்ப்பை வாசித்தார். தமிழில் நீதிமான் என்றதும் நேர்மையாக வாழ்ந்த பெரிய மனிதர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். உங்களுக்கு எரிந்ததில் பாதி அந்தச் சொல்லால் வந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாவதுதான் கஷ்டமானது. துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் அருவருப்பானவன் என்று சொன்ன அதே வேதம், ரோமர் 4:5-ல் தேவனுக்கே "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்று பெயர் வைக்கிறது. பவுல் நியாயப்பிரமாணம், அதாவது யூதர்களின் வேதச் சட்டம், படித்த பரிசேயன். நீதிமொழிகளை மறந்துவிட்டு எழுதியிருக்க மாட்டார். தேவன் அநியாயத் தீர்ப்புச் சொல்லவில்லை என்று காட்டத்தான் மூன்றாம் அதிகாரத்தில் சிலுவையைக் கொண்டுவந்து வைக்கிறார். பாவியை விடுவிக்கிறவர் தாமும் நீதியுள்ளவராக நிற்க வேண்டும் என்பதுதான் அங்கே அவருடைய கவலையெல்லாம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சின்ன வழக்கு. ஒரு பையன், குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம், கட்டத் தவறினால் பதினைந்து நாள் சிறை. அவனிடம் சட்டைப்பையில் பஸ் டிக்கெட்தான் இருந்தது. போலீஸ்காரர் அவனைக் கூட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டார். சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஒரு பெரியம்மா மூச்சிரைக்க வந்தார். மடியிலிருந்து சுருட்டிய பத்தும் இருபதுமாக எடுத்து என் மேஜைமேல் வைத்தார். இரண்டு நோட்டு ஈரமாக இருந்தது. மீன் வாசனை. அவர் அவனுக்கு அம்மாவா, பாட்டியா, நான் கேட்கவில்லை. சட்டமும் கேட்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 68-வது பிரிவு சொல்வது அவ்வளவுதான்: அபராதம் கட்டப்பட்ட உடனே அதற்கான சிறை முடிந்தது. யார் கட்டினார் என்று அதில் இல்லை. ரசீதை நான் அந்தப் பையன் பெயருக்குத்தான் எழுதினேன். அவன் கணக்கில் ஒரு காசு அவன் காசு கிடையாது. ஆனாலும் அரசாங்கத்துக்கு அவன் கடன் பாக்கி இல்லை. அந்த ரசீதை நம்பிக் கேட்டைத் தாண்டி நடந்து போனான். விசுவாசம் என்பது எனக்கு அந்த நடைதான். நடந்ததற்காக யாரும் அவனுக்குக் கூலி தரவில்லை.

உவமானம் ஓரளவுக்குத்தான் தாங்கும், தெரியும். ஆனால் ரோமர் நாலாம் அதிகாரம் எனக்கு அதற்கப்புறம்தான் புரிந்தது. "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாமல், கடனென்று எண்ணப்படும்." "எண்ணப்படும்" என்ற சொல் அந்த அதிகாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கிரேக்கத்தில் அது கணக்குப் பிள்ளை புழங்குகிற சொல். தமிழில் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பாருங்கள்! எண்ணுவது என்றால் நினைப்பது, எண்ணுவது என்றால் கணக்குப் பண்ணுவது. தேவன் ஆபிரகாமை நீதிமான் என்று எண்ணினார். அவர் நினைப்பும் அதுதான், அவர் பேரேட்டில் இருப்பதும் அதுதான்.

அப்புறம் உங்கள் நோட்டு. இதற்காகத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன். எங்கள் கோர்ட்டில் ஒருவர் ஏழு வருடம் வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்தார். கோர்ட்டுச் சேவகரான டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார், இவர் முதல் முறையே "ஆஜர் ஐயா" என்று ஓடிவருவார். ஒருநாள் விடுதலை என்று தீர்ப்பாயிற்று. கையெழுத்தெல்லாம் வாங்கி அனுப்பிவிட்டோம். அடுத்த மாதம் காலை பத்தரைக்கு அதே வெள்ளைச் சட்டையோடு வராண்டாவில் நிற்கிறார். "உங்க கேஸ் முடிஞ்சுபோச்சே" என்றேன். "தெரியும் சார். ஆனா ராத்திரி தூக்கம் வரல. ஒருவேளை கூப்பிட்டு நான் இல்லாமப் போயிட்டா?" என்றார். அவரை உட்காரவைத்துத் தீர்ப்பு நகலை எடுத்து, அவர் பெயர் வருகிற வரியில் விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை வாசித்தேன். மகளே, உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் வந்தது. நல்லதைச் செய்வதில் தவறே இல்லை. ஆனால் நீங்கள் முடிந்த வழக்குக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தருக்கும் இதே வியாதிதான். 1505-ல் எர்ஃபுர்ட்டில் அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்தவர், ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வாராம். ரோமர் 1:17-ல் வருகிற தேவநீதி என்ற வார்த்தையே அவருக்கு வெறுப்பாக இருந்தது. தண்டிக்கிற நீதி என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார். அது தேவன் நமக்குக் கொடுக்கிற நீதி, விசுவாசத்தால் பெற்றுக்கொள்கிற நீதி என்று பிடிபட்டபோது, திறந்த கதவு வழியாகப் பரதீசுக்குள்ளேயே போய்விட்டதுபோல் இருந்தது என்று 1545-ல், சாவதற்கு முந்தின வருடம், எழுதி வைத்தார். உங்கள் அப்பாவும் பரதீசு என்ற சொல்லைத்தானே இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

நம் ஊர் ஆள் ஒருவரையும் சொல்லாமல் விட எனக்கு மனதில்லை. தமிழில் வேதத்தை மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி ஃபாப்ரிஷியுஸ் ஐயர் 1742 முதல் சென்னையில், பெரும்பாலும் இந்த வேப்பேரியில் ஊழியம் செய்தவர். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியவர். வயதான காலத்தில் பணவிவகாரத்தில் மாட்டிக்கொண்டு, கடனுக்காக இதே ஊரில் சிறையில் இருந்தார். 1791-ல் இறந்தார். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிய மனிதர், கடைசியில் கடனாளியாகக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் சபையில் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது எனக்கு அடிக்கடி அவர் ஞாபகம் வரும்.

மறைக்கல்வி ஆசிரியை, சாந்தோம்

ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் கத்தோலிக்கப் பெண், இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். கத்தோலிக்கர் என்றால் நற்செயல் செய்து மோட்சத்தைச் சம்பாதிக்கிறவர்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதனால் இரண்டு வார்த்தை.

எங்கள் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு முழு ஆணையே எழுதியது. அதன் முதல் சட்டவிதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் செயல்களால் மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவன் ஆகலாம் என்பவரைக் கண்டிக்கிறது. எங்களுக்கும் தொடக்கம் அருள்தான். வித்தியாசம் அதற்கு அடுத்த படியில். தீர்ப்புச் சொல்வதோடு நிற்காமல் கடவுள் உள்ளே புகுந்து ஆளை மாற்றுகிறார், அந்த மாற்றமும் சேர்ந்ததுதான் நீதியாக்கம் என்பது எங்கள் போதனை. ஐயா "ஆக்கு" என்ற சொல் குழப்புகிறது என்றார். எங்களுக்கு அந்த "ஆக்கு" பிடிக்கும். 1995-ல் வந்த திருவிவிலியம் "ஏற்புடையவர்" என்று போட்டது. நீதிமான் என்ற சொல் தொண்டையில் சிக்குகிறது என்றால் இந்தச் சொல்லை வைத்து யோசித்துப் பாருங்கள் தங்கச்சி. "அப்பாவைக் கடவுள் ஏற்றுக்கொண்டார்." இதைச் சொல்ல முடிகிறதா?

ரோமர் 3:28-ல் லுத்தர் 1522-ல் ஜெர்மனில் "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்தார் என்று பெரிய சண்டை நடந்தது. நம் பழைய தமிழ் பைபிளில் "விசுவாசத்தினாலேயே" என்று ஓர் ஏகாரத்தில் அது முடிந்துவிட்டது, யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் யாக்கோபு 2:24-ஐயும் மறக்கக் கூடாது: "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்." என் வகுப்புப் பிள்ளைகளிடம், பவுலும் யாக்கோபும் இரண்டு வேறு நோயாளிகளுக்கு மருந்து எழுதுகிறார்கள் என்பேன். செய்து செய்து களைத்தவனுக்கு ஒருவர், வாயால் மட்டும் நம்புகிறவனுக்கு ஒருவர். தங்கச்சிக்கு எழுதிய மருந்து பவுலுடையது என்றுதான் எனக்கும் படுகிறது.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் எங்கள் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம் தகுதி எதையும் பார்த்தல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அப்புறம் நற்செயல்களுக்கு நம்மைத் தகுதியாக்குகிறார் என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகள், 2017-ல் சீர்திருத்தச் சபைகள் அதில் சேர்ந்தார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நானூற்றைம்பது வருடம் ஒருவரை ஒருவர் சபித்த விஷயத்தில் இது சின்ன காரியம் இல்லை.

திருவல்லிக்கேணி வாசகன்

நான் கிறிஸ்தவன் இல்லை, பார்த்தசாரதி கோயில் பக்கத்தில் வளர்ந்த வைணவன். இங்கே நுழையலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதே கேள்வியில்தான் எங்களில் வடகலை, தென்கலை பிரிந்தது என்று என் பாட்டனார் சொல்வார். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்யாது. சரணாகதியில் நம் பக்கம் ஒரு பிடியாவது வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் வழக்கு. உங்கள் சிலுவையும் பலியும் வேறு விஷயம், அதை இதோடு போட்டுக் குழப்பவில்லை.

எங்கள் தெருவில் பூனை குட்டியைத் தூக்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கவ்விய உடனே குட்டி கை கால் எல்லாம் தொங்கவிட்டுவிடும். அசையாது. உங்கள் அப்பா பைபிள் படித்த அம்மாவிடம் "இன்னொருக்கா படிங்க" என்றாரே, எனக்கு அந்தக் குட்டிதான் தெரிந்தது. உங்கள் அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

வில்லிவாக்கம் மகள்

எல்லாருக்கும் நன்றி. திருவல்லிக்கேணி அண்ணா, தாராளமாக வரலாம். அக்கா, "ஏற்றுக்கொண்டார்" என்று நேற்று ராத்திரி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது.

ஆனால் ஐயா, உங்களிடம் ஒரு சண்டை. அந்தப் பையனுக்கு அபராதம் கட்டிய பெரியம்மாவைச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் அப்பா செய்ததற்கெல்லாம் கட்டியது அம்மாதானே? சங்கிலி போனது அம்மாவுக்கு. அடி வாங்கியது அம்மா. மேலே ஒருவர் கட்டிவிட்டார், கணக்கு தீர்ந்தது என்றால், கீழே கட்டிக்கொண்டிருந்தவளை யார் கேட்பது?

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்

நியாயமான சண்டை. இதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

கிரிமினல் வழக்கில் ஒருவன் விடுதலையானாலும், அவனால் நஷ்டப்பட்டவர் அதே விஷயத்துக்காக சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஒன்று முடிந்ததால் இன்னொன்று தானாக முடிந்துவிடாது. தேவன் அப்பாவை ஏற்றுக்கொண்டார் என்பதற்காக உங்களிடமும் அம்மாவிடமும் வந்து "ரசீது எழுதிக் கொடு" என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை, பாஸ்டருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. லூக்கா 19-ல் வருகிற வரி வசூலிப்பவன் சகேயு வீட்டில் என்ன நடந்தது? இயேசு அவன் வீட்டுக்கு வந்து தங்கினார். அப்புறம் அவன் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். கிருபை முதலில் வந்தது. ஆனால் அது வந்ததும், தான் யாருக்குப் பாக்கி என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. கண் திறந்தவனுக்குத்தான் பாக்கி தெரியும். உங்கள் அப்பாவுக்குத் திருப்பிக் கொடுக்க நாளும் இல்லை, காசும் இல்லை. ஆனால் "சாப்ட்டியா" என்று கேட்டாரே. நான் அதைச் சின்னதாக நினைக்கவில்லை. ஏன் அழுதார் என்பதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சிலுவையில் கட்டியவர் அம்மாவுக்கு நடந்ததைப் பார்க்காமல் கட்டவில்லை. ஒவ்வொரு அடியும் அந்தக் கணக்கில் இருந்தது. அது ஒன்றுமில்லை என்று தள்ளப்பட்டிருந்தால் சிலுவைக்கே அவசியம் இருந்திருக்காது. மன்னிப்பு என்பது "பரவாயில்லை" என்று சொல்வதல்ல. பரவாயில்லாத விஷயத்துக்கு மன்னிப்பே தேவையில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அம்மாவின் வெள்ளிக்கிழமைகளை நீங்கள் ஒரு கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள், அதற்கு என்ன கூலி என்று கேட்கிறீர்கள். அம்மா அதை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்? அவரிடம் எப்போதாவது கேட்டீர்களா, எதற்காக உபவாசம் இருந்தார் என்று?

வில்லிவாக்கம் மகள்

ஐயா, நீங்கள் எழுதி ஆறு நாளாகிவிட்டது. நேற்றுதான் கேட்டேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கொத்தை எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்காகத்தான் உபவாசம் இருந்திருப்பார், அவர் குடியை விட வேண்டும் என்று ஜெபித்திருப்பார் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். "எதுக்கும்மா வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தே?" என்றேன்.

அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார். "சனிக்கிழமதானே உங்கப்பாவுக்குக் கூலி. வெள்ளிக்கிழமைன்னா பானையில ஒரு ஆளுக்குக் குறையும். உனக்கு நாலு வயசு அப்ப, தம்பி கைக்குழந்த. நான் சாப்பிடலன்னா நீ ஏம்மா ஏம்மான்னு கேட்டுட்டே இருப்ப, உன் தட்டுலேர்ந்து எடுத்து ஊட்ட வருவ. அதனால உபவாசம்னு சொல்லிட்டேன். சொல்லிட்டோமே, அது பொய்யாப் போயிடக் கூடாதேன்னுதான் ஜெபத்துக்குப் போக ஆரம்பிச்சேன். அப்புறம் அங்க போறது பிடிச்சுப்போச்சு."

கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. கையில் இருந்த கீரை கசங்கிப்போயிருந்தது. அப்புறம் கேட்டேன், "அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்" என்றார் அம்மா. "ஆஸ்பத்திரியில அன்னிக்கு அழுதாரில்ல, அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அவருக்குத் தெரியும்னு."